பந்தல் நிழலில் பத்து நிமிடம்

நல்லூர்த் திருவிழா 25 நாள். அது முடியும்வரை மரக்கறி. முடிந்த மறுநாளே மாமி வீட்டில் ஒடியல் கூழ், சித்தி வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்த பிள்ளைகள் ஒரு வீட்டில் சாப்பிட்டு, வானில் ஏறி, அடுத்த வீட்டில் இறங்கிச் சாப்பிடுவார்கள். கால் நிலத்தில் படுவதேயில்லை.

சாப்பிட்ட கையோடு

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சலரோகம் உள்ள 41 பேரை இரண்டு விதமாக நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒரு தடவை 30 நிமிடம்; இன்னொரு கட்டத்தில் மூன்று நேரச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம். பிரித்து நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 வீதம் குறைந்தது. இராச் சாப்பாட்டுக்குப் பின் 22 வீதம். முடிவு 2016இல் வெளியானது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது.

விருந்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது. ஒரு மணி நேரம் யாரும் காணாமற்போக வேண்டியதில்லை.

முந்திரிகைத் தோட்டத்து வழி

உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணில் கம்பிப் பந்தலில் படர்ந்து கிடக்கிறது முந்திரிகை. தமிழ்நாட்டார் திராட்சை என்பது இதைத்தான். தொலகட்டியில் 1928இல் தொடங்கிய ரோசேரியன் துறவிகளின் ஆச்சிரமத்து முந்திரிகை வைனும் நெல்லி ரசமும் ஊரறிந்தவை. போத்தல் வாங்க வருகிறவர்கள் வாசல்வரை வானில் போகாமல், கொஞ்சம் முன்னரே இறங்கி நடக்கலாம். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் எங்கும் இல்லை. மத்தியான வெய்யிலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். அந்நேரம் விறாந்தையும் மாமர நிழலும் போதும்.

வைன் குடித்தவர்கள்

இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மதுவை முறிக்கும் வேலையில் ஈரல் இருக்கும்போது, அது இரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது குறைந்துவிடும். நடையும் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் அதன் அடையாளங்கள்; வெறி என்று நினைத்து உறங்கவிடுவது ஆபத்து. வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோசு இருக்கட்டும். பாதம் விறைத்தவர்கள் தோட்டத்தில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

இரவில் ஒழுங்கைக்கு ஒரு டோர்ச் வேண்டும். அம்மம்மாவின் கையைப் பேரப்பிள்ளை பிடித்துக்கொண்டால், பழைய பக்கத்து வீட்டுக் கதைகளோடு சந்திவரை போய்த் திரும்புவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடும்.