முன்பக்கம் மடங்கும் முழங்கால்

பிறந்த குழந்தையின் முழங்கால் முன்பக்கமாக மடங்கி, பாதம் முகத்தை நோக்கி ஏறி நிற்கிறது. பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். இது பிறவி முழங்கால் மூட்டு விலகல். ஏறத்தாழ லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

பல குழந்தைகளில் இதன் தொடக்கம் கருப்பையிலேயே இருக்கிறது. தலை மேலேயும் புட்டம் கீழேயுமாக, கால்களை நீட்டியபடி சிசு கிடக்கிறது. பனிக்குட நீரும் குறைந்தால் உதைத்து மடக்க இடமில்லை. தொடையின் முன்தசை நீள வழியின்றிக் குறுகிவிடுகிறது. கடுமையான விலகலில் இன்னொரு விந்தையும் நடக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் ஓடவேண்டிய தசைநாண்கள் முன்பக்கம் நழுவிவிடுகின்றன. காலை மடக்கவேண்டிய அதே தசை, இப்போது இழுக்க இழுக்கக் காலை நீட்டுகிறது!

எக்ஸ்ரேயில் முழு உண்மையும் தெரியாது. பச்சிளங் குழந்தையின் முழங்கால் சில்லு முழுக்கக் குருத்தெலும்பு. அது எலும்பாக மாறத் தொடங்கவே ஏறத்தாழ மூன்று வயதாகும். ஆகவே குருத்தெலும்பையும் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கிறது.

சிகிச்சையின் முக்கியக் கருவி சாதாரண மாவுக்கட்டுதான். லேசான வளைவு சில நாள் பயிற்சியிலேயே சரியாகிவிடும். மற்றவர்களுக்கு மருத்துவர் காலை மெதுவாக நீளவாக்கில் இழுத்து, இணங்கும் அளவுக்கு மட்டும் மடக்கிக் கட்டுப்போடுவார். வாரம் ஒருமுறை அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் மடக்கிப் புதுக்கட்டு. முழங்கால் 90 டிகிரி மடங்கும்வரை இது தொடரும். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கினால் இளந்தசை நன்றாக நெகிழ்ந்துகொடுக்கும். அப்படியும் வழிக்கு வராத தசையை அறுவை சிகிச்சையில் நீளமாக்குவார்கள்.

ஏன் இத்தனை நிதானம்? மூட்டருகே எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு, இறுகிய தசையைவிட மென்மையானது. முரட்டுத்தனமாக மடக்கினால் தசை அசையாது, தட்டு பெயர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முழங்கால் அழகாக மடங்கியதுபோலவே இருக்கும். இந்தப் பொய்த் திருத்தம்தான் இதில் மிக ஆபத்தானது.

இவர்களில் பலருக்கு இடுப்பு மூட்டும் விலகியிருக்கும். சிலருக்குப் பாதமும் வளைந்திருக்கும். இடுப்புக்கான பட்டைக்கும் வளைபாத மாவுக்கட்டுக்கும் முழங்கால் மடங்கியாக வேண்டும். அதனால் முழங்காலுக்கே முதலிடம்.

குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடுவது நம் வீட்டு வழக்கம். இப்படிப்பட்ட காலை மட்டும் யாரும் நீவி மடக்க வேண்டாம். அன்றே குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.