ஆய்வுப் பணம் வரும் வழி

இந்தியப் பல்கலைக்கழகங்களில் அரசுப் பணத்தில் நடைபெறும் அறிவியல் ஆய்வு பெரும்பாலும் ஒரு திட்ட முன்மொழிவில் தொடங்குகிறது. எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது, அதற்கு எத்தனை ஆண்டுகள் தேவை, எந்தக் கருவியை வாங்க வேண்டும், எத்தனை இளநிலை ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்பவற்றை விளக்கும் இந்த ஆவணம், முன்பு பல படிகளாக அச்சிடப்பட்டுத் தில்லிக்கு அஞ்சலில் சென்றது. இன்று நிதி வழங்கும் அமைப்பின் இணையத்தளத்தில் பதிவேற்றப்படுகிறது. அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம் (2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது) இந்த இணையவழி முறையைப் பரவலாக்கியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாரியம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையில் இணைக்கப்பட்டது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட இந்த அறக்கட்டளைக்கு 2023 முதல் 2028 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது.

விண்ணப்பம் என்ற அளவில் இணையவழி முறை நன்றாகவே வேலை செய்கிறது. திட்டத்தின் பொறுப்பை ஏற்கும் முதன்மை ஆய்வாளர் தளத்தில் பதிவு செய்துகொண்டு, தம் நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்றுடன் முன்மொழிவை ஏற்றியதும், அது அதே துறை அறிந்த வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கும் பின்னர் வல்லுநர் குழுவின் பரிசீலனைக்கும் செல்கிறது. காகிதக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று. குறிப்பாகத் தலைநகரில் யாரையும் அறியாத சிறுநகரக் கல்லூரி ஆசிரியருக்கு இது உண்மையான உதவி.

சிக்கல் அனுமதி ஆணை வந்த பிறகே தொடங்குகிறது. திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை ஒரே தவணையில் வருவதில்லை. ஆண்டுதோறும் பகுதி பகுதியாக விடுவிக்கப்படுகிறது. அடுத்த தவணையைப் பெற, முந்தைய தவணை எதற்காகச் செலவானது என்பதை உறுதி செய்யும் பயன்பாட்டுச் சான்றிதழையும் செலவு அறிக்கையையும் நிறுவனம் அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடங்களில் ‘யூசி’ என்று சுருக்கி அழைக்கப்படும் இந்தச் சான்றிதழ் நிதி அலுவலரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள், இணையத்தளம் எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் குறைவதில்லை.

அரசின் கணக்குக் கண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒதுக்கீட்டை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிடும் பழைய முறையில், செலவாகாத பணம் எண்ணற்ற கணக்குகளில் தேங்கிக் கிடக்க, மறுபுறம் அரசு வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்துக்குக் கிடைத்த வட்டியையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்று பொது நிதி விதிகள் 2017 கூறுகின்றன. பணம் இப்படித் தேங்குவதற்குத் தீர்வாகவே, பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற இணையவழிக் கட்டமைப்பின் ஊடாக ஒவ்வொரு ரூபாயின் நகர்வும் கண்காணிக்கப்படுவதோடு, ஒற்றைக் கருவூலக் கணக்கு, இருப்பில்லாத துணைக் கணக்கு ஆகிய முறைகளும் வந்தன. இவற்றில் நிறுவனத்தின் கையில் பணம் இருக்காது. இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பு மட்டுமே இருக்கும், பணம் கொடுக்க வேண்டிய நாளில்தான் அது அரசுக் கணக்கிலிருந்து வெளியேறும். பயன்படுத்தாத வரம்பு மார்ச் 31 அன்று காலாவதியாகிவிடும்.

சாலை ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் இந்த ஒழுங்கு ஆய்வுக்கூடத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வேதிப்பொருள் ஏப்ரலில் வந்தால், அதற்குரிய வரம்பு புதிய ஆண்டில் மீண்டும் ஒதுக்கப்படும்வரை விற்பனையாளரும் ஆய்வாளரும் காத்திருக்க வேண்டியதுதான். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் மத்திய அரசின் ‘இன்ஸ்பயர்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பலர், பல மாதங்களாகத் தொகை வரவில்லை என்று 2025இல் வெளிப்படையாக முறையிட்ட செய்தி நாளேடுகளில் வந்தது. வாடகைக்கும் உணவுக்கும் இதை மட்டுமே நம்பியிருப்பவருக்கு உயர்த்தப்பட்ட தொகையைவிடக் குறித்த நாளில் வரும் தொகையே முக்கியம்.

கொள்முதலில் மட்டும் ஓரளவு நெகிழ்வு பிறந்திருக்கிறது. அரசு நிறுவனங்கள் பொருள் வாங்குவதற்கான ‘ஜெம்’ என்ற இணையச் சந்தையில் அலுவலக நாற்காலி எளிதாகக் கிடைக்கும். நுண்ணிய ஆய்வுக் கருவிக்கு அதுவே தடையாக அமைந்தது. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், ஆய்வு நிறுவனத் தலைவர்களும் துணைவேந்தர்களும் அறிவியல் கருவிகளை அச்சந்தைக்கு வெளியே வாங்க அனுமதிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியதுடன், விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் உச்சவரம்பையும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

இதே பரிவு பணம் விடுவிப்பதிலும் தேவை. ஆய்வாளர் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளைத் தளத்தில் அறிவிக்கும் அமைப்புகள், சான்றிதழ் கிடைத்த நாளையும் அடுத்த தவணை விடுவிக்கப்பட்ட நாளையும் திட்டவாரியாக அதே தளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அந்தத் தேதிகள் ஏற்கெனவே அவற்றின் கணினிகளில் பதிவாகித்தான் இருக்கின்றன.