கணிப்பொறிக்கு வந்த காய்ச்சல்

உங்கள் வீட்டுக் கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்கும்போதே திரை திடீரென்று கறுத்துப்போகிறதா? படம் மறைந்த பின்னும் ஒலி மட்டும் கேட்கிறதா? வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் திரையெங்கும் சிதறுகின்றனவா? பெட்டிக்குள்ளிருந்து மாவு மில்லைப் போன்ற இரைச்சல் எழுகிறதா? அப்படியானால், அதைக் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் சற்றுப் பொறுங்கள். ஓர் அரைநாள் செலவிட்டால் நோய் எதுவென்று நீங்களே கண்டறியலாம்.

சென்ற கோடையில் என் தங்கை வீட்டில் இதுதான் நிகழ்ந்தது. அவள் மகன் கட்டடக்கலை பயிலும் மாணவன். கட்டடங்களை முப்பரிமாணப் படங்களாக வரைவதற்கென, வளைகுடாவில் பணிபுரியும் அவன் வாப்பா நான்கு ஆண்டுகளுக்கு முன் நல்லதொரு கணிப்பொறி வாங்கிக் கொடுத்திருந்தார். கல்லூரியில் இறுதிப் படங்களை ஒப்படைக்கப் பத்து நாள்களே இருந்த வேளையில் அது அடிக்கடி நின்றுபோகத் தொடங்கிற்று. கடைக்காரர் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்றார். அவர் சொன்ன விலையோ வாப்பா மாதந்தோறும் அனுப்பும் தொகையைவிட அதிகம். தொலைபேசியில் செய்தி கேட்ட வாப்பா, "இரவெல்லாம் விளையாடியே கெடுத்துவிட்டான்" என்று கடிந்துகொண்டார்.

பையன் முகம் வாடி என்னிடம் வந்தான். "மாமா, நான் விளையாடியது உண்மைதான். ஆனால் இரவெல்லாம் இல்லை. வாப்பாவிடம் நீங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றான். நான் தொழில்முறையில் பழுது பார்ப்பவன் அல்லன். எனினும் இத்தகைய பெட்டிகளைத் திறந்து மூடிப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைந்து தரும் தனிப் பலகை. அதன் நடுவே அஞ்சல்தலையினும் சிறிய சிப் ஒன்று உள்ளது. 2016இல் வெளிவந்து பல வீடுகளில் இடம்பெற்ற ஜிடிஎக்ஸ் 1060 வகைக் கார்டு முழு வேகத்தில் 120 வாட் மின்சாரத்தை உண்ணும். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட் வேண்டும். உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதுமே வெப்பமாக வெளியேறுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டின் சூடு அந்தச் சிறு சில்லின்மீது குவிவதாக எண்ணிப் பாருங்கள். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள உலோகத் தகடுகளின் அடுக்கும், அதை ஊதித் தள்ள விசிறிகளும் அமைந்துள்ளன. இவ்வழியில் எங்கேனும் தடை ஏற்பட்டால் சிப் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாதபோது படம் நின்றுவிடுகிறது.

ஆகவே, நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். கணிப்பொறியைத் திறந்தவுடன், அது குளிர்ந்திருக்கும்போதே புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தின் குற்றமன்று. கார்டின் நினைவகமோ, திரைக்குச் செல்லும் கேபிளோ பழுதாகியிருக்கலாம். கார்டு சூடேறாத நிலையிலும், கடினமான வேலை தொடங்கிய நொடியே பெட்டி முழுவதும் அணைந்துபோனால் மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, விசிறி இரைந்து, படம் திக்கித் திணறி, அதன் பின்னர் நின்று, சற்று ஆறவிட்டதும் மீண்டும் ஒழுங்காக இயங்கினால் அதுவே காய்ச்சலின் அடையாளம்.

காய்ச்சல் என்றால் அளந்து பார்க்க வேண்டுமல்லவா? விண்டோஸ் 10இன் 2020 மே மாதப் பதிப்பிலிருந்து, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே தனிக் கார்டின் வெப்பநிலை காட்டப்படுகிறது. ஜிபியு-இசட், ஹெச்டபிள்யு இன்ஃபோ ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவை இன்னும் விரிவாகக் காட்டும். சும்மா இருக்கையில் 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையிலும், கடும் வேலையில் 65 முதல் 80 வரையிலும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மேல் எல்லை கார்டுக்குக் கார்டு மாறும். ஜிடிஎக்ஸ் 1060க்கு அதைத் தயாரித்த என்விடியா நிறுவனம் குறித்த உச்சம் 94 டிகிரி. ஏஎம்டி நிறுவனமோ தன் ஆர்எக்ஸ் 5700 வகைக் கார்டுகளில், சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரியைத் தொடுவதும் இயல்பே என்று 2019இல் அறிவித்தது. உங்கள் கார்டின் எல்லை எதுவென அறியாமல் எண்ணைக் கண்டு கலங்காதீர்கள். இன்னொன்று: இக்காலக் கார்டுகள் பலவற்றில், சூடு குறைவாக இருக்கும்போது விசிறிகள் சுழலாமல் நிற்பதும் திட்டமிட்ட ஏற்பாடே. அதைக் கண்டு விசிறி பழுது என்று முடிவு கட்டியவர்களை நான் அறிவேன்.

தங்கை வீட்டில் அளந்தபோது சும்மா இருக்கையில் 52. பையன் தன் படத்தைத் திறந்து சுழற்றத் தொடங்கிய பன்னிரண்டாம் நிமிடத்தில் 93. திரை இருண்டது.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, எதிரே ஒரு மேசை விசிறியை வைத்து, அதே வேலையை மீண்டும் செய்து பாருங்கள். சூடு வெகுவாகத் தணிந்தால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை என்று பொருள். சற்றும் தணியாவிட்டால் கோளாறு கார்டின் உள்ளேயே இருக்கிறது: தகடுகளில் தூசி அடைந்திருக்கலாம், விசிறி தேய்ந்திருக்கலாம், அல்லது சிப்புக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் என்னும் பசை காய்ந்திருக்கலாம். எங்களுக்கு 93 என்பது 86 ஆயிற்று. அதாவது, இரண்டு குறையும் இருந்தன.

வெளிக்குறை கண்ணெதிரே நின்றது. பெட்டி மரமேசையின் அறைக்குள், பின்புறம் சுவரோடு ஒட்டி இருந்தது. போதாக்குறைக்கு, தூசி படக்கூடாதென்று என் தங்கை அதன்மீது பூவேலை செய்த உறையொன்றைப் போட்டிருந்தாள்; கணிப்பொறி இயங்கும்போதும் அதை எடுப்பதில்லை! சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது கார்டு எங்ஙனம் குளிரும்? அறையின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி கார்டிலும் ஏறும்.

உட்குறையைக் காணக் கார்டைக் கழற்றினோம். நீங்களும் செய்யலாம், ஆனால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெறுங்கையால் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே செய்யுங்கள். உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் சிப்புக்குப் பகை. திருகைக் கழற்றி, கார்டுக்கான மின்கம்பியை விடுவித்து, பலகையிலுள்ள சிறு கொக்கியை அழுத்தினால் கார்டு எளிதில் வந்துவிடும். விசிறி இறக்கைகளுக்கு அடியில் தூசி கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தது. இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாலும் கையூதியாலும் அகற்றினோம். இறக்கைகளைச் சுழலவிட்டு ஊதினால் விசிறி கெடும். ஈரத்துணியும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

தூசி நீக்கியும் சூடு தணியாவிட்டால்தான் பசையை மாற்ற வேண்டும். அதற்குக் கார்டையே பிரிக்க வேண்டியிருப்பதால், உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், பழகியவரிடம் கொடுங்கள். இறந்த கார்டை அடுப்பறை ஓவனில் வைத்துச் சுட்டால் உயிர் பெறும் என்றொரு வைத்தியம் நெடுநாளாக உலவுகிறது. அது நிலைப்பதில்லை. உணவு சமைக்கும் அடுப்பில் பிளாஸ்டிக் புகைவதை எந்த வீடும் ஏற்கலாகாது.

அதே வேளை, காய்ச்சலை அலட்சியமும் செய்யாதீர்கள். மீண்டும் மீண்டும் கொதித்து ஆறும்போது சிப்பைப் பலகையோடு பிணைக்கும் நுண்ணிய பற்றாசுகள் விரிசல் காண்கின்றன. 2008 ஜூலையில், மடிக்கணினிகளில் பொருத்தப்பட்ட தன் சிப்புகள் சில வழக்கத்தை மீறிப் பழுதாவதை ஒப்புக்கொண்ட என்விடியா, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது.

பெட்டியை மேசைக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கார்டைப் பொருத்தி ஓட்டினோம். ஒரு மணி நேரம் கழிந்தும் 76க்கு மேல் ஏறவில்லை. அன்றிரவே மச்சானுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அவன் விளையாடவே இல்லையா?" என்றார். "விளையாடினான்தான் மச்சான். ஆனால் கார்டைக் கெடுக்க இருந்தது உங்கள் வீட்டுப் பூவேலை உறை" என்றேன். மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. பையன் படங்களைக் குறித்த நாளில் ஒப்படைத்தான். உறை இப்போது தையல் எந்திரத்தின்மேல் கிடக்கிறது.