ரெண்டு பேர், ஒரு நாய்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய யாரும் நாயை மனத்தில் வைத்துத் தேடியதில்லை. கோடையில் கிணறு வற்றுமா, பஸ் ஸ்டாப் எத்தனை தூரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கமா, இவ்வளவுதான். வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளிலும் நாய் கிடையாது. சாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பார். கறி, மீன் சமைப்பதுண்டா என்பார். ஊரிலிருந்து விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா என்பார். குடிவருகிறவர் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. நாய் வளர்ப்பது சொந்த வீடு உள்ளவரின் சங்கதி.

மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பெரம்பூரிலும் நாலைந்து போர்ஷன்களும் பொதுக் கிணறும் பின்பக்கம் துவைக்கிற கல்லுமாக இருந்த வீடுகளில், வீட்டுக்காரரின் நாய் என்று ஒன்று படுத்திருக்கும். குடித்தனக்காரர்கள்தான் அதோடு சமாதானமாகப் போக வேண்டும். புதிதாக வந்தவர்களைப் பார்த்து ஒரு வாரம் குரைக்கும். பிறகு எந்த போர்ஷனில் என்றைக்குக் கருவாடு என்று தெரிந்துகொண்டு, அந்தந்த நேரத்துக்கு அந்தந்த வாசலில் வந்து உட்காரும்.

அந்த நாய்க்கு ஒரு வேலை இருந்தது. வாசல் கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று தகரப் பலகை தொங்கும். (நாயே இல்லாத வீடுகளிலும் தொங்கியதுண்டு, திருடனுக்குத் தெரியவா போகிறது?) முன்னால் கொஞ்சம் மண், பக்கவாட்டில் ஒரு மாமரம், பின்னால் தென்னை, நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும் அதன் ராஜ்ஜியம். கூடத்துக்குள் காலை வைத்தால் பாட்டியின் குரல் வரும். ஜிம்மி, மணி, டைகர், சீசர் என்று நாலைந்து பெயர்களுக்குள் ஊரே அடங்கிவிட்டது. குட்டி பெரும்பாலும் தெருவில் பிறந்தது. கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் தெற்கிலிருந்து ராஜபாளையமோ கோம்பையோ வரவழைப்பார்கள். யாராவது தெரிந்தவர் வீட்டில் பொமரேனியன் குட்டி போட்டால் அதற்கு முன்கூட்டியே ஆள் சொல்லிவைத்திருப்பார்கள். சாப்பாடு, மீந்த சோறு. வாக்கிங் என்ற ஏற்பாடே இல்லை. ராத்திரி கேட்டைத் திறந்துவிட்டால் விடிவதற்குள் தானே வந்துவிடும். போன இடத்தில் என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை, பிளாஸ்டிக் பையோடு யாரும் பின்னால் போனதுமில்லை.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய்கள் எத்தனையோ. பார்வோ வந்தால் குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். தடுப்பூசி போட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரைக்கும் போனவர்கள் குறைவு. கடிபட்டவருக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தப் பழைய வகை மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் நின்றதே 2004ஆம் ஆண்டின் கடைசியில்தான். எல்லாவற்றையும்விடப் பயம், கார்ப்பரேஷனின் நாய் வண்டி. பிடித்துப் போன நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கேட்டுக்கு வெளியே சுற்றும் வீட்டு நாய்க்குக் கழுத்தில் இருந்த பெல்ட்தான் உயிர்க்காப்பு. 1959இல் இங்கே தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964இலிருந்து சொல்லிவந்தது. மாநகராட்சி அதற்கு வழிவிட 1996 ஆயிற்று.

பிறகு மண் போயிற்று. சென்னையில் மனைக்குக் கணக்கு கிரவுண்டு, 2,400 சதுர அடி. அந்த ஒரு கிரவுண்டில் ஒரு வீடும் இரண்டு மரமும் ஒரு நாயும் இருந்த இடத்தில் ஆறு பிளாட், எட்டு பிளாட் என்று எழும்பின. இடித்துக் கட்டியபோது நாய் எங்கே போயிற்று என்று விசாரித்தால் பல தெருக்களில் ஒரே பதில்தான் வரும். தெருவோடு போயிற்று. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஓஎம்ஆர் ஆனது. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் பத்தாவது மாடிக்கு மேலே குடியேறினார்கள். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் ஒரு பையனின் பின்னாலேயே நடந்து வந்தது. அதற்கப்புறம் நகரத்தில் குட்டி வாங்கப் போனவர்கள் காவலைப் பற்றிக் கேட்பது குறைந்துபோயிற்று. சுருங்கிய மூக்கும் மூச்சுத் திணறலுமாக அந்த இனம் சென்னை மே மாதத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது என்பதை வாங்கிய பிறகு டாக்டர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது குட்டி வாங்கியவர்கள் இன்னொரு கூட்டம். ஆபீஸ் திறந்ததும் அந்தக் குட்டிகள் பகலெல்லாம் தனியாக இருக்கப் பழக வேண்டியிருந்தது.

இப்படி வராந்தாவில் இருந்த நாய் கட்டிலுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இன்றைய வீடு தேடல் வேறு மாதிரி நடக்கிறது. போன் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

“எத்தனை பேர் சார்?”

“நானும் வைஃபும். ஒரு நாய் இருக்கு.”

“சின்னதா?”

“லேப்.”

“வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்.”

அதற்கப்புறம் போன் வராது. புரோக்கர்கள் சொல்லும் யோசனை, “மொதல்ல நாயப் பத்தி மூச்சு விடாதீங்க, அட்வான்ஸ் குடுத்தப்புறம் பாத்துக்கலாம்” என்பது. இதைக் கேட்டு நடக்கக் கூடாது. குடிபோன மறுநாள் குரைப்பதை மறைக்க முடியாது. பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில், பகை உங்கள் வாசலில்.

சட்டம் எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உங்கள் பக்கம். இந்திய விலங்குகள் நல வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு சென்னையில்தான் பிறந்தது. ஹரியானாவுக்குப் போவதற்கு முன் பல காலம் அதன் அலுவலகம் திருவான்மியூரில் இருந்தது. அந்த வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது, சின்ன நாய்தான் வைக்கலாம் என்று சொல்ல முடியாது, லிஃப்டில் ஏற்ற மாட்டோம் என்றும் சொல்ல முடியாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் அப்படியொரு சங்கத் தடை செல்லாது என்றது. இதெல்லாம் அசோசியேஷனைக் கட்டுப்படுத்தும் சமாசாரம். வாடகைக்கு விட மாட்டேன் என்று சொல்லும் ஹவுஸ் ஓனரிடம் இந்தத் தாள்களை நீட்டிப் பிரயோஜனமில்லை. அசோசியேஷனிடம்கூட முதல் நாளே சட்டம் பேசுகிறவருக்கு அந்தக் கட்டடத்தில் நல்ல வாழ்க்கை அமையாது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே கட்டடத்தின் குணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் ‘பெட் ஃபிரண்ட்லி’ என்று போட்டிருப்பதை நம்புவதைவிட, சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பது மேல். இங்கே எத்தனை வீட்டில் நாய் இருக்கு, எந்த லிஃப்டில் போவாங்க, போன மாசம் எதுக்குச் சண்டை? அவருக்குத் தெரியாதது செக்ரெட்டரிக்கும் தெரியாது. ஏற்கெனவே நாலைந்து நாய்கள் இருக்கும் கட்டடத்தில் சண்டைகளெல்லாம் நடந்து முடிந்து ஏதோ ஓர் ஏற்பாடு வந்திருக்கும். நீங்கள்தான் முதல் நாய்க்காரர் என்றால், அந்தச் சண்டைகளெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

பேட்டைக்குப் பேட்டை கணக்கு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர், அண்ணா நகர், கோட்டூர்புரம் உள்தெருக்களில் இன்னும் மர நிழல் இருக்கிறது. முதல் இரண்டில் கடற்காற்றும் கூடுதல். வாடகையும் அதற்கேற்றபடி. அங்கே விலை கொஞ்சம் இறங்கிய பழைய பிளாட் கிடைத்தால், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியாக இருக்கும். இன்றைக்குத் துள்ளிக்கொண்டு ஏறும் லேபுக்கு வயதாகி இடுப்பெலும்பு தேயும்போது, முப்பது கிலோவை ஒரு நாளைக்கு மூன்று தரம் யார் தூக்கி இறக்குவது? ஓஎம்ஆர் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, வளாகத்துக்குள்ளேயே நடைபாதை உண்டு. கேட்டுக்கு வெளியே கால் வைத்தால் நடைபாதையே இல்லை, தண்ணீர் லாரிதான். ராத்திரி பதினோரு மணிக்கு நாய்க்கு வயிறு உப்பிக்கொண்டு வாந்தி வராமல் தவித்தால் அது உயிர் போகிற அவசரம். சிறுசேரியிலிருந்து வேப்பேரி முப்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் ராத்திரியில் போனை எடுக்கும் டாக்டர் யார் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும், ஆனால் அன்றைய கேள்விக்கு நேர் எதிராக. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எந்தப் படி வரைக்கும் தண்ணீர் ஏறியது? சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் படகில் வெளியேறியபோது நாயோடு கிளம்பியவர்கள் பட்ட பாடு அங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பயம் வேறு.

வெயில் இன்னொரு கணக்கு. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் வாக்கிங்கை முடிக்க வேண்டும், அடுத்தது இருட்டிய பிறகுதான். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழெட்டு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. மேற்குப் பார்த்த பால்கனியும் மொட்டை மாடிக்குக் கீழ் பிளாட்டும் வாடகை குறைவாக இருப்பதன் காரணம், பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பிராணிக்குத்தான் முதலில் தெரியும்.

தெருவுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பகலில் வீடு பார்க்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். முனைக்கு முனை எல்லை உண்டு. உங்கள் நாய் கயிற்றில், அவை கயிறில்லாமல். விடியற்காலையில் ஒருமுறை அந்தத் தெருவில் தனியாக நடந்து பார்த்தால், எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று தெரிந்துவிடும். காதில் ‘வி’ வடிவத்தில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். அப்படிப்பட்டவை அதிகமாக இருக்கும் தெருவில் யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். தெருநாய்களுக்கான 2023 விதிகள், அவற்றுக்குச் சோறு வைக்கும் இடத்தைச் சங்கமே குறித்துக் கொடுக்க வேண்டும், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து அது தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே கட்டடம் எப்படிப்பட்டது என்று புரியும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தைக் கேலி செய்யும் நாய்ப்பிரியர்களை எனக்குப் பிடிக்காது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. அதற்கப்புறம் லிஃப்டில் நாயைப் பார்த்ததும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்ளும் தாயிடம், “ஒண்ணும் பண்ணாதும்மா” என்று சொல்வது பதிலே இல்லை. அடுத்த லிஃப்டுக்கு நிற்பதுதான் பதில். மாநகராட்சியும் உரிமத்தையும் கயிற்றையும் வலியுறுத்தத் தொடங்கி, 2025இல் மைக்ரோசிப்பைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. அன்று கழுத்து பெல்ட் செய்த வேலையை இன்று தோலுக்கு அடியில் அரிசி அளவு சில்லு செய்கிறது. உரிமத்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் வீடு பார்க்கப் போகும்போதே கையில் எடுத்துப் போகிறவர்களுக்குத் தயங்கும் ஓனர்கூடச் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சமிருக்கும் தனிவீடுகளும் ஒவ்வொன்றாக இப்போது பில்டர் கைக்குப் போகின்றன. இடித்துக் கட்டி முடிக்கும் வரை, பழைய வீட்டுக்காரரே வயதான காலத்தில் நாயோடு வாடகை வீடு தேடி அலைகிறார். கட்டி முடித்துத் திரும்பி வந்தால் தரைத்தளமே இருப்பதில்லை. தூண்களுக்கு நடுவே கார்கள் நிற்கின்றன. அதனால் விவரமானவர்கள் ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடுகிறார்கள்: எனக்கு முதல் மாடி, தரையில் வழுக்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பாகப் போடுங்கள், பால்கனி கிரில்லில் குட்டி தலையை விடுகிற இடைவெளி இருக்கக் கூடாது, பின்பக்கச் சுவரை ஒட்டி நாலடி மண்ணை சிமென்ட் போடாமல் விட்டுவைக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் பில்டர் உடனே தலையாட்டுகிறார். மண் விஷயத்தில்தான் பேரம் நடக்கிறது.