யானைக்குத் தீனி போட்டவர் யார்?

சென்ற மாதம் நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாதம் மூண்டது. "உலகை ஆண்ட காலத்தில் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் நம் செல்வத்தால் கொழுத்தனர்" என்றார் பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர். நானும் தலையசைத்தேன். அறைக்குத் திரும்பிய பின் ஓர் ஐயம் எழுந்தது. பேரரசு என்பது யானை கட்டி வாழ்வது போன்றதல்லவா? அந்த யானைக்குத் தீனி போட்டவர் யார்? சில மாலைகளை நூலகத்தில் கழித்தேன். கண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் நம் நாட்டுக் கணக்கு. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனாக எழுதப்பட்டது. மறு ஆண்டு ஆட்சியை இழந்த கம்பெனியின் பங்குதாரர்களுக்கு லாபப்பங்கும் நம் வரிப்பணத்திலிருந்தே சென்றது. லண்டன் அலுவலகச் செலவு, ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பென்ஷன், கடனுக்கு வட்டி ஆகிய யாவும் 'தாயகச் செலவு' என்னும் பெயரில் ஆண்டுதோறும் கப்பலேறின. தாயகம் என்றது அவர்களுடைய தாயகத்தை! இந்தச் சுரண்டலைத்தான் தாதாபாய் நவுரோஜி 1901-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். முதல் உலகப்போரில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல்கடந்து சென்றனர். அது போதாதென்று 1917-இல் இந்தியக் கருவூலம் 10 கோடி பவுன் 'நன்கொடை' அளித்தது.

நிற்க. ஆங்கில நாட்டு ஏழையாவது சுகமாக இருந்தானா? 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தைப் பாருங்கள். தங்கம் விளையும் மண்ணின்மீது ஆதிக்கம் பெற பிரிட்டன் 20 கோடி பவுனுக்கு மேல் செலவிட்டது. அதன் படையினர் சுமார் 22,000 பேர் இறந்தனர். குண்டுபட்டு மாண்டவரைவிட நோயால் மாண்டவரே அதிகம். முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும், கறுப்பின மக்களும் பல்லாயிரவர் மடிந்தனர். இன்னொரு செய்தியும் அப்போது வெளியாயிற்று. படையில் சேர முன்வந்த நகரத் தொழிலாளரில் பெருந்தொகையினர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உலகை ஆண்ட நாட்டின் பிள்ளைகள் அரைவயிற்றுக்கு உண்டு வளர்ந்தவர்கள்! பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழிசெய்யும் சட்டம் 1906-இல்தான் வந்தது.

இரண்டாம் உலகப்போரில் கணக்கு மாறியது. இந்தியப் படை வெளிநாட்டில் போரிடும் செலவைத் தானே ஏற்பதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஆனால் ரொக்கம் தரவில்லை. லண்டனில் பற்று எழுதிவைத்தது. இங்கே அதற்கு ஈடாக நோட்டுகள் அச்சாயின, விலைவாசி ஏறியது. 1943-இல் வங்கப் பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை மாண்டதற்கு அதுவும் ஒரு காரணம். போர் முடிந்தபோது இந்தியாவுக்கு பிரிட்டன் பட்ட கடன் சுமார் 130 கோடி பவுன்!

பிறகு நடந்ததைச் சுருங்கச் சொல்கிறேன். போர்க்காலத்திலும் இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946-இல் பிரிட்டனில் வந்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. செலவை ஏற்றிவைக்க அந்தத் தலையும் இல்லாமற் போயிற்று. நம் வயதுடைய ஆங்கில இளைஞர்கள் கட்டாயச் சேவையில் மலாயாவுக்கும் கென்யாவுக்கும் சைப்ரஸுக்கும் அனுப்பப்பட்டனர். 1967-இல் பவுனின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கேயுள்ள பெரும் படைத்தளங்களைக் கைவிடுவதாகப் பிரதமர் வில்சன் அறிவித்தார்.

ஆகவே, நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. சுரண்டல் உண்மை, ஆனால் கொழுத்தவர் எல்லோரும் அல்லர். பங்குதாரரும் கடன்பத்திரக்காரரும் அதிகாரிகளும் யானைமேல் அமர்ந்தனர். தீனி போட்டவர்கள் நம் உழவரும், அவர்கள் நாட்டுத் தொழிலாளரும். இரு சாராரையும் யாரும் கலந்துகொள்ளவில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால், எந்த நாடு தன் பெருமையைப் பேசினாலும் ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்" என்றார். எந்த நாடு என்றால், நம் நாடும் அதில் அடக்கந்தான்.