கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு: ஐம்பதுக்குப் பின் உடையும் மணிக்கட்டு

கொட்டாஞ்சேனையில் இருந்த எனது மாமி ஒருநாள் ஸுபஹுத் தொழுகைக்கு வுழூ செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார். வலது கையை ஊன்றியதால் தலை தப்பியது. "அல்ஹம்துலில்லாஹ், தலையில் படவில்லையே" என்று எல்லோரும் ஆறுதல்பட்டோம். வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துச் சுளுக்கு என்று முடிவுசெய்து, எண்ணெய் தடவித் துணியால் சுற்றினோம். விரல்களை அசைக்க முடிந்தது. அசைக்க முடிந்தால் முறிவு இல்லை என்பது எங்கள் வீட்டில் காலம்காலமாகச் சொல்லப்படும் வைத்தியம். மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு உடைந்து, கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அப்போது மாமிக்கு 58 வயது.

அந்த வீட்டு வைத்தியம் பிழையானது. மணிக்கட்டு உடைந்தாலும் பலருக்கு விரல்கள் அசையும். விழுந்து கையூன்றியவருக்கு மணிக்கட்டில் வீக்கமும் தொட்டால் வலியும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் சுளுக்கு என்று சொல்ல எவருக்கும் முடியாது.

எங்கள் பாடசாலை ஓய்வறையில் கடந்த சில வருடங்களில் மூன்று டீச்சர்மார் கையில் பிளாஸ்டருடன் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மழை நேரத்தில் வெள்ளவத்தை நடைபாதையில் வழுக்கியவர். ஒருவர் பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது திரைச்சீலை கழற்ற ஸ்டூலில் ஏறியவர். மற்றவர் பாத்ரூமில் விழுந்தவர். மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். "என்ட கவனக்குறைவுதான்" என்றுதான் மூவரும் சொன்னார்கள். எலும்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உலகமெங்கும் பெரியவர்களுக்கு அதிகம் உடையும் எலும்புகளில் மணிக்கட்டும் ஒன்று. மேற்கு நாடுகளில் 50 வயதை எட்டிய வெள்ளையினப் பெண் ஒருவர் மீதி ஆயுளில் மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு அது நாற்பதில் ஒன்று அளவுதான். ஆசியர்களிடம் வீதம் இதைவிடக் குறைவு. ஆனால் அதைச் சொல்லி நாம் நிம்மதியாக இருக்க இயலாது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 12.4 வீதம், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதன் பின் அந்தப் பங்கு கூடித்தான் இருக்கிறது.

ஏன் மணிக்கட்டு? பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த ஆரை என்பு ஞாபகம் இருக்கும். முழங்கையிலிருந்து பெருவிரல் பக்கமாக இறங்கும் எலும்பு அது. அதன் நடுப்பகுதி குழாய் போல வலுவானது. மணிக்கட்டை அண்டிய முனையோ உள்ளே கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்தது, வெளியே மெல்லிய ஓடு மட்டும். முன்னால் விழும்போது கை தானாக நீளும். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கை வழியாக அந்த முனையில் இறங்கும். மாதவிடாய் நின்ற பின் உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைய, முதலில் தேயத் தொடங்குவது இந்தக் கடற்பஞ்சு எலும்புதான்.

டப்ளின் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏபிரகாம் கொலிஸ் இந்த முறிவை 1814இல் எழுதி வெளியிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு 81 வருடங்களுக்கு முன், கையைத் தொட்டுப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார். இன்றைக்கும் டொக்டர்மார் இதைக் கொலிஸ் முறிவு என்கிறார்கள். எலும்பு பின்பக்கமாகத் தள்ளுப்பட்டிருந்தால், கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போலக் கை வளைந்து தெரியும். ஆனால் எல்லா முறிவும் அப்படி வளைந்து காட்டாது. மாமியின் கை வெறுமனே வீங்கித்தான் இருந்தது.

இன்னொரு விசயமும் உண்டு. பெண்களுக்கு இந்த முறிவு ஐம்பதுக்குப் பின் வேகமாகக் கூடி, 65 வயதளவில் அதிகம் ஏறாமல் நின்றுவிடுகிறது. இடுப்பு முறிவு அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் விசையாக நடக்கிறார், விழும்போது கையை நீட்ட நேரம் கிடைக்கிறது. எண்பது வயதுக்காரர் மெதுவாக நடந்து பக்கவாட்டில் சாய்கிறார், கை முந்துவதில்லை, இடுப்பு அடிபடுகிறது. ஆக மணிக்கட்டு உடைந்தவரின் அனிச்சைச் செயல் நன்றாகத்தான் இருக்கிறது. விசாரிக்க வேண்டியது அவருடைய எலும்பை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு உடைந்தவருக்குப் பின்னர் இடுப்போ முள்ளந்தண்டோ உடையும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

விழுந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றுவது. அரை மணித்தியாலம் போனால் வீக்கத்தில் கழராது, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையை மடித்த பத்திரிகையிலோ அட்டையிலோ வைத்துக் கட்டி, ஒரு சால்வையைக் கழுத்தில் போட்டுத் தாங்கலாக்குங்கள். பிடித்து இழுக்கவோ உருவவோ வேண்டாம். வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில கிட்ட, கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவை கிட்ட. முறிவு தறிவு வைத்தியரிடம் போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதைக் குறைவாகப் பேச நான் வரவில்லை, கைராசிக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போடச் சம்மதிக்காதீர்கள்.

பிளாஸ்டர் பொதுவாக ஆறு வாரமளவில் கழற்றப்படும். அந்த நாட்களில் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதுதான் நம்மவர் செய்யும் பெரிய தவறு. விரல்கள், முழங்கை, தோள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு ஒட்டிய பின்னும் விரல்கள் மடங்காது. விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ பிளாஸ்டருக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். வுழூவுக்காகப் பிளாஸ்டரை நனைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். கட்டின் மேல் மஸ்ஹு செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது, உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பிளேட் வைத்தால்தான் சரியாகும்" என்று கடன்பட்டுத் தனியாருக்கு ஓடுபவர்களும் உண்டு. சில முறிவுகளுக்குச் சத்திரசிகிச்சை அவசியம்தான். ஆனால் 65ஐத் தாண்டியவர்களில் பிளாஸ்டர் போட்டவர்களையும் பிளேட் வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரு வருடம் போனபின் கையின் பாவனையில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் மட்டும் போட்டு அனுப்பினால் உம்மாவைக் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

வலது கை என்றால் பாடு வேறு. சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். தேங்காய் துருவவும், துணி பிழியவும், சுஜூதிலிருந்து உள்ளங்கை ஊன்றி எழும்பவும் அந்த மூட்டுத்தான் வேண்டும். மாமி கடைசிவரை கரண்டியால்தான் சாப்பிட்டார். கல்யாண வீட்டு சஹனில் மற்றவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டு, வலீமாக்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

கை ஆறியதும் இரண்டாவது வேலை தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் அது தொடங்குவதே இல்லை. "இந்தக் கை ஏன் உடைந்தது, எலும்புத் தேய்வு இருக்கிறதா?" என்று டொக்டரிடம் நீங்களே கேளுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வலியில்லாதது. பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த ஃப்ராக்ஸ் என்ற கணிப்பு முறையில் இலங்கைக்கென்றே தனிக் கணக்கு இருக்கிறது. வயது, எடை, முன்பு உடைந்த எலும்பு, பெற்றோரின் இடுப்பு முறிவு, ஸ்டீரொய்ட் மருந்துப் பாவனை, புகைத்தல் போன்றவற்றைப் போட்டால் அடுத்த பத்து வருட ஆபத்தைச் சொல்லும். காலியில் றுஹுணு மருத்துவ பீடத்தின் பேராசிரியர் சரத் லேக்கம்வசம் நம் நாட்டவரின் எலும்புத் தேய்வை நீண்ட காலமாக ஆராய்ந்து வருபவர். ஆகவே இது வெள்ளைக்காரரின் நோய் என்று ஒதுக்க முடியாது. நெஞ்சிழுப்புக்குப் பல வருடம் பிரெட்னிசலோன் குளிசை எடுத்தவர்களும், மாதவிடாய் 45க்கு முன்பே நின்றவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் கிடைப்பது வாரத்துக்கு ஒன்றாக எடுக்கும் அலென்ட்ரோனேட் குளிசை. வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். றமழானில் அதை எந்த நேரம் எடுப்பது என்பதை நோன்புக்கு முன்பே டொக்டரிடம் பேசிவிடுங்கள். கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, தயிர், பால், எள் எல்லாம் நம் சமையலில் இருப்பவைதான். வெயில் நாட்டில் விற்றமின் டி குறையுமா என்று கேட்பார்கள். குறையும். இங்கே நடந்த ஆய்வுகளிலும் பலருக்குப் போதாமல் இருப்பது தெரிந்திருக்கிறது. தொடர்மாடி வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க இருக்கும் நம் பெண்களுக்கு, மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரமாவது வெயில் பட வேண்டும்.

வீட்டில் வுழூ செய்யும் இடத்தில் ஒரு கைபிடியும், வழுக்காத விரிப்பும், இரவு முழுக்க எரியும் சின்ன பல்பும் போதும். மாபிள் பதிக்கச் செலவழிப்பதில் சிறு துளிதான் அது.

மாமி 66 வயதில் மறுபடி விழுந்தார், இந்த முறை இடுப்பு. வார்டில் இளம் டொக்டர் ஒருவர் கோப்பை எழுதிக்கொண்டே, "முன்பு ஏதாவது எலும்பு உடைந்திருக்கிறதா?" என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். "இல்லை" என்றோம். மாமிதான், படுத்தபடியே, கோணல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.