மொரீஷியஸ் நமக்கு என்ன உறவு?

மார்ச் மாதத்தில் நம் பிரதமரோ குடியரசுத் தலைவரோ மொரீஷியஸுக்குப் போனால், ‘நெடுநாள் நட்பு நாடு’ என்று செய்தியில் ஒரு வரி வரும். பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவோடு அப்படி என்ன நட்பு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்தப் பன்னிரண்டு லட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். விஷயம் அவ்வளவுதான்.

ஏன் போனார்கள்? பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் கல்கத்தாவிலிருந்து போர்ட் லூயி வந்து சேர்ந்தார்கள். இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் (இத்தனை ஆண்டு வேலை செய்கிறேன் என்று கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவர்கள்). மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். அதன்பின் சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர். அவர்கள் இறங்கிய துறையில் 16 கல் படிகள் இன்னும் இருக்கின்றன. ‘ஆப்ரவாசி காட்’ என்ற அந்த இடம் 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

தமிழர்களும் அந்தக் கூட்டத்தில்தான் போனார்களா? அதற்கும் நூறு ஆண்டு முன்பே போய்விட்டார்கள். தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிப்போனார்கள்.

இந்த முன்பின் கணக்கு அங்கே சாதாரண விஷயமில்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்தும், அதன் கீழே நாகரி எழுத்தும் இருக்கும். 1998-இல் வந்த புது நோட்டில் நாகரி மேலேயும் தமிழ் கீழேயும் இடம் மாறிவிட்டன. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டே பழைய வரிசையில் புது நோட்டு வந்தது. கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.

நட்பு எப்போது அரசாங்க உறவானது? மொரீஷியஸ் சுதந்திரம் அடைவதற்கு 20 ஆண்டு முன்பே, 1948-இல். காந்தி 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அங்கே தங்கியிருந்தார். அவரது தண்டி யாத்திரை தொடங்கிய மார்ச் 12-ஐயே 1968-இல் சுதந்திர நாளாக வைத்துக்கொண்டார்கள். நம் தலைவர்கள் மார்ச்சில் போவது அதற்காகத்தான். முழுக்கப் பாசம் என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் பெருங்கடலில் நமக்கும் கால் ஊன்ற இடம் வேண்டும்; மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த விமான ஓடுதளம் 2024-இல் திறக்கப்பட்டது.

சரி, எனக்கு என்ன பயன் என்கிறீர்களா? சுற்றிப் பார்க்கப் போவதானால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம், கட்டணமும் இல்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்துக்கான அத்தாட்சி, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பயணப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இந்த அனுமதியை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சுற்றுலா விசாவில் அனுப்பப் பார்த்தால் விலகிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி முதல் அங்கே யுபிஐ செல்லும். ஆனால் அவர்கள் ரூபாய் வேறு, நம் ரூபாய் வேறு. அவர்களுடையது மதிப்பு கூடியது என்பதால் விலைப்பட்டியலைப் பார்த்து மலிவு என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பங்குச் சந்தைச் செய்தியில் ‘மொரீஷியஸ் வழி முதலீடு’ என்கிறார்களே? அது 1982-இல் போட்ட வரி ஒப்பந்தத்தால் வந்தது. அந்த வழியாக வந்து லாபம் பார்த்தவர்கள் இங்கே வரி கட்டத் தேவையில்லாமல் இருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு அந்தச் சலுகை போய்விட்டது.

அங்கிருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு ஆயுள் முழுதும் விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை). மொரீஷியஸ்காரர்களுக்கு மட்டும் அதை ஏழாம் தலைமுறைவரை தருவதாக 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. இது குடியுரிமை இல்லை. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. உங்கள் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு வருவார்களோ என்று பயப்படவும் வேண்டாம். அந்த அட்டை சொத்துரிமைப் பத்திரம் ஆகாது.

ஆனால் அட்டைக்கு வம்சாவளியைக் காட்ட வேண்டும். அதனால் ஒருநாள் உங்கள் ஊரைத் தேடி யாராவது வரக்கூடும். வருகிறவர் வணக்கம் சொல்லிவிட்டுக் கிரியோலிலோ பிரெஞ்சிலோ பேசுவார். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து, வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிடுகிற குடும்பமாக இருந்தாலும் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. அவரிடம் முதலில் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், மூதாதையின் எண்ணைக் கேளுங்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணோடு கப்பல், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் பதிவாகியிருக்கும். 1860-களுக்குப் பின் போனவரானால் புகைப்படமும் இருக்கலாம்.

அந்தப் பதிவில் ஊரும் பேரும் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி இருக்கும். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் எந்த ஊர் என்றே விளங்காது. வாய்விட்டு இரண்டு மூன்று தரம் சொல்லிப் பாருங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஊரில் வயதான ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.